அயோத்தியாப்பட்டணத்தில் 8 மெஷின் டயாலிசிஸ் சென்டர்: கொட்டேஷன் பார்த்துச் சொல்லுங்க

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு:

வணக்கங்க. வெள்ளிப் பட்டறையில முடங்கிக் கிடக்கிற பணத்துல ஒரு பகுதியை எடுத்து, நானும் மச்சானும் சேர்ந்து டயாலிசிஸ் சென்டர் போடலாம்னு இருக்கோம். அயோத்தியாப்பட்டணத்துல தரைத்தளம் 2,400 சதுர அடி வாடகைக்குக் கிடைக்குது. போர் தண்ணி உண்டு. கொட்டேஷன்ல 8 மெஷின் (4 புதுசு, 4 பழசு), கூடவே "மணிக்கு 250 லிட்டர் ஆர்ஓ பிளான்ட் இலவசம்"னு போட்டிருக்காங்க. வாழப்பாடி பக்கத்து ஆளுங்களும், ஏற்காட்டுல இருந்து குப்பனூர் வழியா இறங்குறவங்களும் வருவாங்கங்கிறது எங்க கணக்கு. கிட்னி டாக்டர் ஒருத்தர் வாரம் ரெண்டு நாள் வரச் சம்மதிச்சிருக்கார். மூணு ஷிஃப்ட் ஓட்டினா ஒரு நாளைக்கு 24 டயாலிசிஸ். இந்த எண்ணை நம்பி லோன் போடலாமா? முதல்ல எதைப் பார்க்கணும்?

தண்ணி_பார்ட்டி:

முதல்ல தண்ணி. மெஷின் கதை அப்புறம்.

அந்த இலவச பிளான்ட் வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு மெஷின் நிமிஷத்துக்கு 500 மில்லி இழுக்கும். மணிக்கு 30 லிட்டர். 8 மெஷினுக்கு 240. விக்கிறவர் இதோட கணக்கை முடிச்சுட்டார். ஷிஃப்ட் மாறும்போது எல்லா மெஷினும் ஒண்ணா ரின்ஸ் எடுக்கும், அந்த நேரத்துலதான் டயாலைசரும் (ரத்தத்தை வடிகட்டுற குழல்) ரீயூஸுக்காகக் கழுவுவாங்க, வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் ஆர்ஓ மெம்பரேன் (வடிகட்டுற சவ்வு) தர்ற அளவும் மாறும். 500 லிட்டருக்குக் குறைஞ்சு போடாதீங்க.

ஒரு டயாலிசிஸ் 4 மணி நேரம், 120 லிட்டர். ரின்ஸ், டிஸ்இன்ஃபெக்‌ஷன், ரீயூஸ் எல்லாம் சேர்த்து 170னு வைங்க. 24 பேருக்கு 4,080 லிட்டர் ஆர்ஓ தண்ணி. பாதி ரிஜெக்ட்ல (ஆர்ஓ ஒதுக்கித் தள்ளுற தண்ணி) போயிடும்னா போர்ல இருந்து தினம் 8,000 லிட்டருக்கு மேல எடுக்கணும். பாத்ரூம், துவைக்கிறது தனி. ஏப்ரல், மே மாசத்துல அந்த போர் இதைத் தருமான்னு பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேளுங்க, வீட்டு ஓனரைக் கேக்காதீங்க.

அடுத்து கடினத்தன்மை. வெள்ளைக்கல் சுரங்கப் பக்கத்துல மெக்னீசியம் எப்படி இருக்கும்னு சேலத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்க இடம் கிழக்கே தள்ளி இருக்குங்கிறதுக்காக டெஸ்டை விட்டுடக் கூடாது. குடிநீருக்கே லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும்தான் நல்லது, வேற வழியில்லாட்டி 600 வரை அனுமதினு ஐஎஸ் 10500ங்கிற இந்தியக் குடிநீர்த் தரம் சொல்லுது. உங்க போர் 600 காட்டுச்சுனு வைங்க: 8,000 லிட்டர்ல 4.8 கிலோ உப்புச்சுமை. இதை எடுக்கிறது சாஃப்ட்னர். அதுக்குள்ள இருக்கிற ரெசின் மணி ஒரு லிட்டர் சுமாரா 50 கிராம் பிடிக்கும், அப்ப 100 லிட்டர் ரெசின், தினம் ராத்திரி ரீஜெனரேஷன் (உப்புத் தண்ணி விட்டு ரெசினைப் புதுப்பிக்கிறது), அதுக்கு 15 கிலோ கல்லுப்பு. கொட்டேஷன்ல "சாஃப்ட்னர் 1"னு மட்டும் எழுதியிருந்தா ரெசின் எத்தனை லிட்டர்னு எழுதி வாங்குங்க. சாஃப்ட்னர் சின்னதா இருந்தா மெம்பரேன்ல சுண்ணாம்பு படியும். ஆர்ஓவும் கைவிட்டா கால்சியமும் மெக்னீசியமும் நேரா ரத்தத்துக்குப் போகும்: வாந்தி, தலைவலி, பிரஷர் எகிறும், உடம்பு ஓஞ்சு போகும். சாஃப்ட்னருக்கு அப்புறம் வர்ற ரிஜெக்ட்ல சோடியம் ஜாஸ்தி. தரை கழுவ, ஃப்ளஷ்ஷுக்கு ஆகும், தென்னைக்கு விடாதீங்க.

கார்பன் ஃபில்டர் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. போர் தண்ணிக்கு நீங்களே குளோரின் போட்டாலும் சரி, காவிரித் தண்ணி வாங்கினாலும் சரி, அந்தக் குளோரினும் குளோரமினும் (குளோரின் அமோனியாவோட சேர்ந்தது) கார்பன்லதான் நிக்கணும், ஆர்ஓ அதைச் சரியாப் பிடிக்காது. உள்ளே போனா ரத்தச் சிவப்பணு உடையும், ஒரே ஷிஃப்ட்ல எல்லா நோயாளிக்கும். ரெண்டு டேங்க், ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. தண்ணி ரெண்டுலயும் சேர்த்து 10 நிமிஷம் நிக்கணும். மணிக்கு 1,000 லிட்டர் உள்ளே வந்தா மொத்தம் 167 லிட்டர் கார்பன், டேங்குக்கு 85 லிட்டர். முதல் டேங்குக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல சாம்பிள் குழாய் வைங்க. ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்னாலயும் டோட்டல் குளோரின் (ஃப்ரீ குளோரினும் குளோரமினும் சேர்த்து) லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கணும். ஃப்ரீ குளோரின் மட்டும் காட்டுற கிட் குளோரமினைக் காட்டாது.

ஆர்ஓ தண்ணியை எல்லா மெஷினுக்கும் கொண்டு போற லூப் பைப்ல முட்டுச்சந்து கூடாது, மெஷினுக்குப் போற கிளை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மாசம் ஒரு கல்ச்சர் (தண்ணியில கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்): மில்லிக்கு 100 சிஎஃப்யுவுக்கு (கிருமிக் கூட்ட எண்ணிக்கை) கீழே, 50 வந்தாலே லூப்பைக் கழுவுங்க. எண்டோடாக்சின் (செத்த கிருமி விடுற நஞ்சு) மில்லிக்கு 0.25 யூனிட்டுக்குக் கீழே. லேப்ல எந்த மீடியாவுல (கிருமி வளர்க்கிற ஊட்டம்) வளர்க்கிறாங்கன்னு கேளுங்க. பிளட் அகார்ல 37 டிகிரியில ஒரு நாள் வச்சு "நில்"னு தர்ற ரிப்போர்ட் வெறும் காகிதம். தண்ணிக் கிருமி மெதுவா வளர்றது, ஆர்2ஏ மாதிரி சத்துக் குறைஞ்ச மீடியாவுல, அறை வெப்பத்துல, 7 நாள் வேணும்.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு:

ரொம்ப நன்றிங்க. இவ்வளவு இருக்கும்னு நினைக்கலை. அந்த 4 பழைய மெஷின் எடுக்கலாமா? 24 பேர் கணக்கு நிக்குமா?

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:

நிக்காது சார். 8 வாங்கினா 8 ஓடாது. ஒண்ணு ஸ்டாண்ட்பை. ஹெபடைட்டிஸ் பி நோயாளி ஒருத்தரை எடுத்தாலும் அவருக்குத் தனி மெஷின், தனி இடம், டயாலைசர் ரீயூஸ் கிடையாது. மிச்சம் 6. வாரம் மூணு தடவை பண்றவங்க திங்கள்-புதன்-வெள்ளி ஒரு செட், செவ்வாய்-வியாழன்-சனி ஒரு செட். 6 மெஷின், 3 ஷிஃப்ட், 2 செட்: 36 பேர், நாளைக்கு 18. ஹெபடைட்டிஸ் மெஷின் எப்பவாவது ஓடும், அவ்வளவுதான். அந்த 36 பேரும் முதல் வருஷமே வந்துட மாட்டாங்க. மூணாவது ஷிஃப்ட் ராத்திரியில முடியும், வாழப்பாடிக்காரர் பஸ்ஸுக்கு என்ன பண்ணுவார்னும் பாருங்க. லோன் கணக்கை ரெண்டு ஷிஃப்ட்ல, பாதி நிறைஞ்ச நிலையில போடுங்க. அதுல தவணை கட்ட முடியலைன்னா இந்த அளவுல ஆரம்பிக்காதீங்க.

பழைய மெஷினுக்கு ஹவர் மீட்டர் பாருங்க. மூணு ஷிஃப்ட் ஓடினா வருஷத்துக்கு 3,600 மணி, கழுவுற நேரம் தனி. அஞ்சு வருஷ மெஷின் 20,000 பக்கம் காட்டினா நியாயம். 6,000தான் காட்டுதுன்னா சந்தோஷப்படாதீங்க, எங்கயோ மூலையில சும்மா கிடந்திருக்கு. பைகார்ப் (டயாலிசிஸ் திரவத்துல கலக்கிற சோடா உப்பு) காய்ஞ்சு வால்வ் பிடிச்சிருக்கும், உள்குழாய்ல பாசி மாதிரி படிஞ்சிருக்கும். அந்த சீரியல் நம்பருக்கு வருஷ மெயின்டனன்ஸ் காண்ட்ராக்ட் தருவீங்களான்னு கம்பெனியையே கேளுங்க. மாட்டேன்னு சொன்னா பேச்சு முடிஞ்சது.

சின்னச் சின்னது சிலது. புதுசா வர்ற எல்லாருக்கும் ஹெச்பிஎஸ்ஏஜி (ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்), ஹெச்சிவி (ஹெபடைட்டிஸ் சி), ஹெச்ஐவி ரிப்போர்ட் இல்லாம மெஷின் போடக் கூடாது. ரீயூஸ் பண்ணினா டயாலைசரோட உள்ளளவு முதல் அளவுல 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினதும் தூக்கிப் போடணும், பில்லுக்காக இழுக்கக் கூடாது. மூணு மெஷினுக்கு ஒரு டெக்னீஷியன், நாலுக்கு மேல போனா ஊசி நழுவினது தெரியாது. டாக்டர் வாரம் ரெண்டு நாள் வர்றார் சரி. மிச்ச நாள் பிரஷர் விழுந்தா பார்க்க எம்பிபிஎஸ் ஒருத்தர் ஷிஃப்ட் முழுக்க இருக்கணும். கரண்ட் போனா மெஷின் பேட்டரி 15, 20 நிமிஷம் ரத்த பம்பைத்தான் ஓட்டும், ஹீட்டரை ஓட்டாது. ஏசி, ஆர்ஓ பம்ப் சேர்த்தா 40 கேவிஏ ஜெனரேட்டர் தேவைப்படும்.

வரவு_செலவு:

பணப் பக்கம். உங்க ஏரியாவுல நிறையப் பேர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடதான் வருவாங்க. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கிற குடும்பங்களுக்கு அது உண்டு. அந்தத் திட்டத்துல உங்க சென்டரைச் சேர்ப்பாங்களா, தனி சென்டரா முடியுமா, ஆஸ்பத்திரியோட சேர்ந்துதான் வரணுமான்னு கட்டடத்துக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற திட்ட அலுவலகத்துல எழுத்துல கேளுங்க. சேர்ந்தாலும் க்ளெய்ம் பணம் கைக்கு வர நாளாகும். டயாலைசர் சப்ளையர் அதுவரைக்கும் காத்திருக்க மாட்டார். நாலு மாசச் சாமான், சம்பளம், வாடகை இதுக்கான ரொக்கத்தை லோன்ல சேர்க்காம கையில வைங்க. இந்தத் தொழில்ல மூடுறவங்க பெரும்பாலும் நோயாளி இல்லாம மூடுறதில்லை, பாக்கி வராம மூடுறாங்க. நீங்க திடீர்னு மூடினா நோயாளிக்கு அடுத்த டயாலிசிஸ் தள்ளிப் போறதே ஆபத்து, பொட்டாசியம் ஏறிடும். கொலுசுப் பட்டறையை மூடுற மாதிரி இல்லை இது.

லைசென்ஸ்: 1997 கிளினிக்கல் எஸ்டாபிளிஷ்மென்ட் சட்டத்துல ஜேடி (மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீஸ்ல பதிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி. மருத்துவக் கழிவை எடுக்கிற கம்பெனியோட ஒப்பந்தம். 2016 விதிப்படி 48 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது. டியூபிங் சிவப்புப் பை, ஊசி வெள்ளை டப்பா, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள்.

இன்னொரு வழியும் யோசிங்க. ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி பக்கம் ஏற்கெனவே ஓடுற நடுத்தர ஆஸ்பத்திரி ஏதாவதுல 5 மெஷினோட யூனிட் போட்டு வருமானத்தைப் பங்கு பிரிக்கலாம். ஐசியு, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த கையில ரத்தக்குழாயை இணைக்கிறது) போட சர்ஜன், டூட்டி டாக்டர் எல்லாம் அவங்களோடது. லாபம் குறையும், தூக்கம் வரும்.

நாகலூர்_மிளகு:

ஏற்காட்டு ஆளுங்க கணக்கை அடிச்சுடுங்க அண்ணா. மலையில இருந்து இறங்கி, நாலு மணி நேரம் படுத்து, பிரஷர் இறங்கின உடம்போட திரும்பவும் வளைவு வளைவா ஏறணும், வாரம் மூணு நாள். கோடை விழா சமயத்துல வண்டியே நகராது. மேல இருக்கிறவங்களுக்கு வயித்து வழி டயாலிசிஸ் பொருந்தும். தினம் 2 லிட்டர் திரவப் பை நாலு, மாசத்துக்கு 240 லிட்டர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல அந்தப் பை வீட்டுக்கே தர்றாங்க, அதனால விக்கிற வியாபாரம் அங்க சின்னது. காசு குடுத்து வாங்குற எஸ்டேட் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. மழையில நனையாம பைகளை மேல கொண்டு போய்ச் சேர்க்க ஆள் இல்லை. அதை உங்க சென்டரோட ஓரத்துல வச்சுக்கலாம், அதை நம்பி சென்டர் போடக் கூடாது.

தண்ணி_பார்ட்டி:

ஆர்டர் போடும்போது ஒரு வரி சேர்த்துடுங்க: ஆர்ஓவை மாட்டி லூப்பைக் கழுவின பிறகு, வாரம் ஒண்ணா மூணு கல்ச்சர் தொடர்ந்து பாஸ் ஆனாத்தான் கடைசி 20 சதவீதப் பணம். அதுவரைக்கும் ஒரு நோயாளியையும் ஏத்தாதீங்க, வாடகை ஓடினாலும் பரவாயில்லை.