பின்னூட்டம் கொடுத்தால் போதுமா? அந்த மூன்றில் ஒன்றை ஏன் மறைக்கிறீர்கள்?

தராசு:
“இலக்கு வை, பின்னூட்டம் கொடு, செயல்திறன் தானாக உயரும்” என்று நேற்று ஒருவர் வேதவாக்குப் போல எழுதியிருந்தார். பின்னூட்டம் என்றால், செய்த வேலை எப்படி இருந்தது என்று செய்தவருக்கே சொல்வது. குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் 1996இல் 607 விளைவு அளவுகளை, அதாவது பின்னூட்டம் செயல்திறனை எவ்வளவு மாற்றியது என்று சோதனைகளில் கிடைத்த எண்களை, தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் பின்னூட்டம் செயல்திறனைக் கீழே இறக்கியிருந்தது. மூன்றில் ஒன்று, ஐயா!

நெம்புகோல்:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்ல நா கூசுகிறதா? அதே ஆய்வில் சராசரி விளைவு அளவு 0.41; பூஜ்ஜியத்துக்கு மேல், அதாவது ஏற்றம். அதை மென்று விழுங்கிவிட்டீர்கள். லேதமும் பால்டெஸும் 1975இல் மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் சுமையில் 94 சதவீதம் ஏற்ற வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 60 சதவீத அளவில் கிடந்த சுமை 90ஐத் தொட்டது.

தராசு:
வந்துவிட்டது லாரி! போன மாதமும் இதே லாரியில்தான் வந்தீர்கள். மூன்று பேரில் ஒருவர் சரிகிறார் என்கிறேன், நீங்கள் சராசரியைக் காட்டுகிறீர்கள். கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குத் தாவினால் கை தடுமாறும். குளூகரின் விளக்கமே அதுதான்.

குறுணி:
607 என்பது விளைவு அளவுகள், ஆட்கள் அல்ல. “மூன்று பேரில் ஒருவர்” என்பது தவறு. இன்னொன்று: பண்டூராவும் செர்வோனும் 1983இல் இலக்கை மட்டும், பின்னூட்டத்தை மட்டும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சேர்ந்தபோதுதான் முயற்சி தெளிவாகக் கூடியது.

தராசு:
ஆளோ அளவோ, மூன்றில் ஒன்று மூன்றில் ஒன்றுதான். நடுவில் புகுந்து வாத்தியார் வேலை பார்க்க வேண்டாம்.

நெம்புகோல்:
குறுணி சொன்னது எனக்குச் சாதகம். கவனித்தீர்களா?

குறுணி:
உங்களுக்கும் சாதகமில்லை. “தானாக உயரும்” என்று எழுதியது யார்?

நெம்புகோல்:
“தானாக” என்பது பேச்சுவழக்கு! ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குவதா?

பழையவர்:
‘பின்னூட்டம்’ என்பதே கரடுமுரடான சொல். ‘கருத்தூட்டம்’ என்று எழுதுங்கள் என 2 ஆண்டுகளாகக் கேட்கிறேன்.

தராசு:
ஐயா, எந்திரம் தன் அளவைத் தானே சரிபார்ப்பதும் இதே வகைதான். அதில் கருத்து எங்கே இருக்கிறது? போகட்டும். நெம்புகோல் இன்னும் பதில் சொல்லவில்லை. மூன்றில் ஒன்று எங்கே போயிற்று?

நெம்புகோல்:
0.41க்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள்.

தராசு:
முதலில் கேட்டவன் நான். மேலே ஏறிப் பாருங்கள். மூன்றில் ஒன்று!

பழையவர்:
கருத்தூட்டம்.