லெட்ரசோலுக்கு மாறினாப் பிறகு கொழுப்பு ஏறுது

சுன்னாகத்தாள்: மூண்டு வருசத்துக்கு முந்தி இடப்பக்க மார்பில கான்சர் ஒப்பரேசன். தெல்லிப்பழையில கிளினிக். கான்சர் திரும்பாமல் இருக்க இவ்வளவு நாளும் ரமொக்சிபென் குளிசை. மாதவிடாய் நிண்டாப் பிறகு அதே வேலைக்கு லெட்ரசோல் குளிசைக்கு மாத்தினவை. 112 இல நிண்ட எல்.டி.எல் எண்ட கெட்ட கொழுப்பு இப்ப 158. "கொழுப்புத்தான் கான்சரைத் திருப்பிக் கொண்டருமாம்" எண்டு மாமி தேங்காய்ப்பால் சொதிச் சட்டியைத் தொடவே விடுறா இல்லை. உண்மையோ?

வெள்ளைத்தொப்பி: அக்கா, நான் நேர்ஸ். ரமொக்சிபென் மார்பில ஈஸ்ட்ரஜின் எண்ட பெண் ஹோமோனை மறிக்கும். ஈரலிலயோ ஈஸ்ட்ரஜின் மாதிரியே நிண்டு எல்.டி.எல்லைக் குறைக்கும். லெட்ரசோலுக்கு அந்தக் குணம் இல்லை. மாதவிடாய் நிண்டாலும் கொழுப்பு ஏறும். பயத்தில குளிசையை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ!

நல்லூரான்: மாமி முழுக்கப் பிழையில்லை. கொலஸ்ட்ரோல் உடம்பில 27-ஹைட்ரொக்சிகொலஸ்ட்ரோல் எண்டு மாறும். அது ஈஸ்ட்ரஜின் வேசம் போட்டுக் கட்டியை வளர்க்குது எண்டு 2013 இல டியூக் பல்கலைக்கழகத்தார் காட்டினவை. எலியில தான். அதை வைச்சுச் சொதியைக் கூண்டில ஏத்தேலாது.

சுன்னாகத்தாள்: நன்றி தம்பி, தங்கச்சி. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில கொழுப்பைக் குறைக்கிற ஸ்ரற்றின் குளிசை வேணுமோ எண்டு கேக்கிறன். மாமி இப்ப முதற்பால் விடாமல் சொதி வைக்கிறா. அதுக்குப் பச்சைத்தண்ணியில இடியப்பத்தைக் குழைக்கலாம்.