ஆற்றில் குதிக்கச் சொன்ன ஜார்ஜ்

காவிரிக்கரை:
ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவல் படித்தவர்களுக்கு. பண்ணை பண்ணையாக வேலை தேடி அலையும் ஜார்ஜ், கூடவே மனவளர்ச்சி குறைந்த நண்பன் லென்னி. ஜார்ஜே லென்னியைச் சுடும் கடைசிக் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வீர்கள். என்னை விடாத இடம் வேறு. சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில் நடந்ததை ஜார்ஜ் சக தொழிலாளி ஸ்லிம்மிடம் சொல்கிறானே, அது. கூட இருந்தவர்கள் முன்னால் வேடிக்கை காட்ட, லென்னியைப் பார்த்து "குதி" என்கிறான். நீச்சல் தெரியாதவன் குதித்தே விடுகிறான். சாகக் கிடந்தவனை இழுத்துப் போட்டதும், காப்பாற்றினாயே என்று லென்னிக்கு அவ்வளவு நன்றி! குதிக்கச் சொன்னது யார் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

என் தம்பிக்கு மனவளர்ச்சி குறைவு. எனக்கு 12 வயது இருக்கும்போது, தெருப் பையன்கள் சிரிக்க வேண்டும் என்று, "நான் சொல்றவரைக்கும் இங்கேயே நில்லு" என்று அவனை மழையில் நிறுத்தினேன். அப்புறம் விளையாட்டில் மறந்தே போனேன். திரும்பி வந்தபோது உதடு நீலம் பாரித்து அங்கேயே நின்றான். தலை துவட்டிவிட்டேன். என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். 28 வருடம் ஆகிறது.

நாடோடி77:
எல்லோருமே ஜார்ஜைக் காவலன், லென்னியைச் சுமை என்றே படிக்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் க்ரூக்ஸ், "ஜார்ஜ் திரும்பி வராவிட்டால்?" என்று சீண்டும்போது லென்னி அழவில்லை. ஜார்ஜுக்குக் கெடுதல் செய்தது யார் என்று கேட்டு எழுந்து வருகிறான். க்ரூக்ஸே பயந்துபோகிறார். அங்கே காவலன் யார்?

எட்டு வருடம் ஒருவனோடு ஒரே அறையில் இருந்தேன். வாடகை, பணம் அனுப்புவது, அவன் மருந்து எல்லாம் நான்தான். நான்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவன் கல்யாணமாகிப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, பழக்கத்தில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூத்தவள்:
என்னை விடாத இடம், பண்ணையின் வயதான தொழிலாளி கேண்டியின் கிழ நாய். கார்ல்சன் என்ற இன்னொரு தொழிலாளி அதைக் கொண்டுபோய்ச் சுட்டுவிடுகிறான். அதை அந்நியன் கையில் விடாமல் தானே சுட்டிருக்க வேண்டும் என்று கேண்டி பிறகு சொல்வார். கடைசியில் ஜார்ஜ் கையில் இருப்பதும் கார்ல்சனின் அதே துப்பாக்கிதான். எங்கள் கிழ நாய்க்கு ஊசி போட்ட அன்று நான் உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டேன்.

காவிரிக்கரை, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வளர்த்த க்ளாரா அத்தை இறந்ததும் லென்னி ஜார்ஜோடு ஒட்டிக்கொண்டான், அவ்வளவுதான். 1930களின் கலிபோர்னியாவில் அவனுக்கு வேறு எதுவும் இல்லை. நம் நாட்டில் மனவளர்ச்சி குறைந்தவர்கள் போன்றோருக்காக 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. 18 வயது தாண்டிய தம்பிக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதன் கீழ் வரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதையும் விசாரியுங்கள். அம்மா அப்பா இருக்கும்போதே முடித்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே பேசிவைத்துவிடுங்கள்.

காவிரிக்கரை:
சரி அக்கா, விசாரிக்கிறேன். நாடோடி சொன்னதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் வேலை முடிந்து வரும்வரை தம்பி சாப்பிட மாட்டான். மழை நாளில் நான் தாமதமானால் குடையை எடுத்துக்கொண்டு தெருமுனையில் வந்து நிற்பான். நான் வரும்வரை அதை விரிக்கவும் மாட்டான்.