ஸ்மோலென்ஸ்க் பிடித்த பிறகு டாங்கிகள் நகரவே மாட்டேன் என்கின்றன, சேவ் கெட்டுவிட்டதா?

கேள்வி:
இரண்டாம் உலகப் போர் கம்ப்யூட்டர் கேம் ஒன்றில், ஜெர்மனி சோவியத் யூனியன் மேல் படையெடுத்த 1941 கிழக்கு முனை கேம்பைனை ஜெர்மன் பக்கம் ஆடுகிறேன், ஒரு டர்ன் ஒரு வாரம். ஜெர்மன் தளபதிகள் கூடேரியன், ஹோத் இரண்டு பேருடைய டாங்கிப் படைகளும் பறந்தன, இரண்டாவது டர்னில் மின்ஸ்க், ஐந்தாவதில் ஸ்மோலென்ஸ்க். இப்போது ஏழாவது டர்ன், ஆகஸ்ட் முதல் வாரம். போன மாதம் 50 நகர்வுப் புள்ளி காட்டிய டிவிஷன் இன்று 11 காட்டுகிறது. மழை இல்லை, சேறு இல்லை, பக்கத்து ஹெக்ஸில் (வரைபடத்தின் அறுகோணக் கட்டம்) எதிரியும் இல்லை. சேவ் ஃபைலை மூடித் திறந்தும் அதே கதைதான். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக ஆடியது, விட மனசில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:
நடுவில் அப்டேட் எதுவும் போட்டீர்களா? எனக்கு ஒருமுறை அப்படித்தான் எண்கள் மாறின.

கேட்டவர்:
இல்லை சகோ, ஆரம்பித்ததிலிருந்து அதே பதிப்பு.

பதில் 2:
சேவ் நன்றாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள். அந்த டிவிஷனைக் கிளிக் செய்து எரிபொருள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள், 20-க்குக் கீழே இருந்தால் பிரச்சினை டாங்கியில் இல்லை, பின்னால் ரயில் பாதையில் இருக்கிறது. சோவியத் தண்டவாளத்தின் அகலம் 1524 மி.மீ., ஜெர்மன் ரயிலுக்கு 1435. அந்த 89 மி.மீ. வித்தியாசத்தால் ஜெர்மன் ரயில் எல்லையைத் தாண்டி அப்படியே ஓட முடியாது. மரக்கட்டையில் அடித்த ஆணியைப் பிடுங்கி, ஒரு பக்கத் தண்டவாளத்தை உள்ளே தள்ளி, மறுபடி ஆணி அடித்துக்கொண்டே போக வேண்டும், கேமில் அந்த வேலையைச் செய்வதுதான் ரயில் பழுதுபார்க்கும் யூனிட். பாதை மாற்றிய கடைசி நிலையம் வரைதான் ரயில் வரும், அதற்கு மேல் லாரி. தூரம் கூடக் கூட லாரியே தன் பெட்ரோலைக் குடித்துவிடும், முனைக்குப் போய்ச் சேர்வது சொச்சம்தான். வரலாற்றிலும் இதேதான் நடந்தது, ஸ்மோலென்ஸ்க்குக்குப் பிறகு ஜெர்மனியின் நடுப் படைக்குழு (Army Group Centre) மாஸ்கோவை நோக்கிப் பெரிய தாக்குதலைத் தொடங்க அக்டோபர் வந்துவிட்டது. சப்ளை மட்டும் காரணமில்லை, கீவ் பக்கம் கூடேரியனைத் திருப்பியதும் உண்டு, ஆனால் சப்ளை பெரிய காரணம்.

வரைபடத்தில் ரயில் லேயரைப் போட்டு, பிரெஸ்ட், பாரனோவிச்சி, மின்ஸ்க், பாரிசோவ், ஓர்ஷா, ஸ்மோலென்ஸ்க் என்று ஒவ்வொரு ஹெக்ஸாக விரலை வைத்துக்கொண்டு வாருங்கள். நடுவில் ஒரு ஹெக்ஸ் விட்டுப்போனாலும் போதும், அதற்கப்புறம் சரிசெய்த பாதை முழுக்க வீண்.

கேட்டவர்:
எரிபொருள் 14 சதவீதம்! இவ்வளவு நாளும் அந்த எண்ணை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் சொன்ன மாதிரி மேற்கிலிருந்து ஒவ்வொன்றாக வந்தேன். மின்ஸ்க் வரை பச்சைக் கோடு, பாரிசோவில் பெரெசினா ஆற்றுப் பாலம் இருக்கும் ஹெக்ஸ் மட்டும் சாம்பல் நிறம், அதைத் தாண்டி ஓர்ஷா வரை மறுபடி பச்சை. பழுதுபார்க்கும் யூனிட்டை ஆட்டோவில் விட்டிருந்தேன், பாலத்துக்கு நாள் அதிகம் பிடிக்கும் என்று அது தாண்டிப் போய்விட்டது போல. இப்போது கையால் இழுத்துப் பாலத்தின் மேலேயே நிறுத்தியிருக்கிறேன், இரண்டு டர்ன் ஆகும் என்கிறது. அதுவரை டாங்கிகளை என்ன செய்வது?

பதில் 2:
முனையிலிருந்து இரண்டு மூன்று ஹெக்ஸ் பின்னால் இழுத்து அப்படியே உட்கார வையுங்கள், நகராத யூனிட் பழுதான டாங்கிகளையும் சரிசெய்துகொள்ளும். முன்வரிசையைக் காலாட்படையிடம் கொடுங்கள். ஸ்மோலென்ஸ்க்குக்குத் தென்கிழக்கே இருக்கும் யெல்னியாவில் மட்டும் டாங்கி டிவிஷனை விட்டுவிடாதீர்கள், சோவியத் பக்கம் அங்கே விடாமல் அடிக்கும், வரலாற்றிலும் செப்டம்பர் 6-ல் அதைத் திரும்பப் பிடித்தார்கள்.

பதில் 3:
இன்னொன்று: எல்லாப் படைக்கும் சப்ளை முன்னுரிமையை உச்சத்தில் வைத்திருந்தால் யாருக்குமே வயிறு நிறையாது. அடுத்து தாக்கப்போகும் ஒரு டாங்கிக் குழுவுக்கு மட்டும் உச்சம், மற்றவர்களுக்கு நடுத்தரம்.

கேட்டவர்:
ஒன்பதாவது டர்ன் முடித்துவிட்டு எழுதுகிறேன். பாலம் பச்சையாகிவிட்டது, ரயில் ஓர்ஷா வரை வருகிறது. ஹோத்தின் டிவிஷன்கள் 38 புள்ளியில் நிற்கின்றன, எரிபொருள் 70-க்கு மேல். கூடேரியனுக்கு இன்னும் 20 தாண்டவில்லை, அவரை இன்னொரு வாரம் உட்கார வைக்கிறேன். இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.