புதுப்பிப்பு: ஏர்பிரஷ் கலர் கேக்கில் முத்து முத்தாக நின்ற பிரச்சினை தீர்ந்தது

பட்டர்கிரீம் கேக்கில் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் கலரைத் தூவும் சிறிய கன்) அடித்தால் கலர் பரவாமல் முத்து முத்தாக நின்று வழிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது காற்றழுத்தத்தைக் குறைக்கச் சொன்ன யோசனைதான். 30 பிஎஸ்ஐயிலிருந்து (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு) 15க்கு இறக்கி, கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே மெல்லிசாக ஒரு கோட், அது காய்ந்ததும் அடுத்தது என்று போனேன், ஒரு சொட்டுகூட வழியவில்லை.

கேக்கை ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு அடிக்கச் சொன்னதும் நல்ல யோசனை. ஆனால் சென்னை ஈரக்காற்றில் வெளியே எடுத்ததுமே மேலே வியர்த்துவிடுகிறது, அதன்மேல் கலர் பட்டால் புள்ளி விழும். இதற்கு, காற்றையும் கலரையும் ஒரே ட்ரிக்கரில் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் டபுள் ஆக்‌ஷன் கன் ரொம்ப வசதி: ட்ரிக்கரைப் பின்னால் இழுக்காமல் கீழே மட்டும் அழுத்தினால் வெறும் காற்றுதான் வரும், அதை வைத்தே ஈரத்தை ஊதிக் காயவைத்துவிடலாம்.

எதிர்பாராத ஒன்று, சிவப்பும் கறுப்பும் நேரம் போகப் போக இன்னும் அடர்த்தியாகின்றன. அதனால் வேண்டிய நிறத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திவிடுங்கள். அப்புறம், பேர்ல் கலர் (முத்துபோல் மினுங்கும் கலர்) 0.2 மிமீ நாசிலை, அதாவது கன்னின் நுனித் துளையை, அடைக்கிறது, 0.3இல் பிரச்சினை இல்லை. அடித்து முடித்த கையோடு கன்னில் வெந்நீர் ஊற்றி, தெளிந்த நீர் வரும்வரை அடித்துவிடுங்கள்.