ஹோர்ட்டன் சமவெளிக்கு நாயைக் கொண்டு போகலாமா?

பட்டிப்பொல வான்காரன்
நேற்று விடியற்காலை நுவரெலியாப் பக்கத்து ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வந்த காரிலிருந்து, கம்பளியை விலக்கி ஒரு நாயை இறக்கினார்கள். வாசலில் தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூடக் கிழித்து எடுக்கிறார்கள், நாய் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு தடவைதான் குரைத்தது. புல்லில் நின்ற மரை (பெரிய மான்) வாலைத் தூக்கி முன்னங்காலால் தரையை அறைந்தது. பக்கத்தில் நின்ற குட்டியை அப்புறம் காணவே இல்லை. தேசியப் பூங்காவுக்குள் வளர்ப்பு நாய் கூடாதென்று தெரிந்தே செய்கிறார்கள். மனசு ஆறவில்லை.

ரோசி அம்மா, கண்டி
அண்ணா, அந்தக் காரில் வந்தது நானில்லை. ஆனால் போன வருடம் நானும் என் நாய் ரோசியைக் கொண்டு போனேன், மறைக்க மாட்டேன். ஊசி எல்லாம் போட்ட பிள்ளை, கடைசிவரை கயிற்றை விடவில்லை. அங்கே மரைக்கு பிஸ்கட் கொடுக்கிறார்கள், வான்கள் பறக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?

பட்டிப்பொல வான்காரன்
பிஸ்கட் கொடுப்பதும் பிழைதான் தங்கச்சி. அதைச் சொல்லி இதைச் சரியாக்க முடியாது. அங்கே பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவுக்குக் குடிவந்து, இந்த மலைகளில் வேட்டை நாய்களை விட்டு மரை விரட்டியவர். ஓடிக் களைத்த மரை ஆற்றில் இறங்கி நிற்கும். நாய்கள் வளைத்துக்கொள்ளும். அவர் கத்தியோடு போவார். மரைக்கு நாய் என்றால் இன்றைக்கும் அதுதான். கயிறு உங்கள் கையில் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

மலையகத்து டீச்சர்
நோயையும் யோசியுங்கள். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிக் காட்டில், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸால் ஏறக்குறைய 1,000 சிங்கங்கள் செத்தன. ஊர் நாய்களிடமிருந்து வந்திருக்கும் என்றுதான் ஆய்வாளர்கள் கருதினார்கள். நம் காட்டில் இருப்பது சிறுத்தை, அதற்கும் அது தொற்றலாம். ரோசிக்கு ஊசி போட்டிருக்கிறீர்கள், சரி. வாசலில் நிற்கிறவர் ஒவ்வொரு நாய்க்கும் தடுப்பூசி அட்டை பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

ஹட்டன் லயத்துப் பையன்
நாய் என்றாலே எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நாய்களைத்தான் குற்றம் சொல்வார்கள். காரில் வருகிற நாயை யாரும் பேசுவதில்லை, இன்றைக்காவது பேசினீர்களே. எங்கள் நாய் மணியைச் சிறுத்தை கொண்டு போனது. காலையில் பார்த்தால் அறுந்த சங்கிலியும் தகரத் தட்டும்தான் கிடந்தன. அக்கா, ரோசியை நினைத்தாவது கொண்டு போகாதீர்கள்.

ரோசி அம்மா, கண்டி
மணியை நினைத்தால் வயிறு கலங்குகிறது தம்பி. ஆனால் சமவெளியின் நடைபாதை 9 கிலோமீட்டர், மூன்று மணித்தியாலம் நடக்க வேண்டும். காருக்குள் பூட்டிவைப்பது பாவம். வீட்டில் விட ஆளில்லை. அப்போ நாங்கள் எங்கேயும் போகக் கூடாதா?

பட்டிப்பொல வான்காரன்
வாருங்கள். ரோசியை எங்கள் வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டுப் போங்கள். அம்மா சோறு வைப்பார். காசெல்லாம் வேண்டாம்.

ரோசி அம்மா, கண்டி
கயிற்றில் கட்டினாலும் கூடாது என்பதை என்னால் இன்னும் முழுதாக ஏற்க முடியவில்லை அண்ணா. ஆனால் டிசம்பரில் உங்கள் வீட்டுக்கே கொண்டு வருகிறேன். உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா? ரோசி விரட்டுவாள்.