ஆறு மாதக் குழந்தைக்கு முதல் உணவு: டப்பா மாவா, வீட்டுச் சத்துமாவா?

கேள்வி: ஈரோட்டு வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இந்த வாரம் ஆறு மாதம் நிறைவடைகிறது. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சட்டப்படி கிடைக்கும் 26 வார விடுப்பில் ஒரு பகுதியைப் பேறுகாலத்துக்கு முன்பே எடுத்துவிட்டதால், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் முன்பே அலுவலகம் திரும்ப வேண்டியதாயிற்று. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் என் கணவரின் தாயார். நான் பிழிந்து வைத்துவிட்டுச் செல்லும் தாய்ப்பாலைப் பாலாடையில்தான் இதுவரை புகட்டி வருகிறார்.

இனித் திட உணவு தொடங்க வேண்டும். எங்கள் தெரு மருந்துக் கடையில் கேட்டால், கேள்வியை முடிப்பதற்குள் 300 கிராம் டப்பா ஒன்றை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அத்தையோ பாசிப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, சம்பா கோதுமை, பார்லி, முந்திரி, ஏலக்காய் என்று இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களை எழுதிக்கொடுத்து, மில்லில் அரைத்து வரச் சொல்கிறார். என் நாத்தனார் இன்ஸ்டாகிராமில் ஒருவர் விற்கும் முளைகட்டிய சத்துமாவைப் பரிந்துரைக்கிறார். அதன் விலை டப்பாவை விட அதிகம். அத்தைக்கு மூட்டுவலி இருப்பதால் அடுப்படியில் நெடுநேரம் நிற்கச் சொல்லவும் மனம் வரவில்லை, அவர் விருப்பத்தை ஒதுக்கவும் மனம் வரவில்லை. உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள், எதற்குச் செலவு செய்வது தகும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நாஞ்சில் அம்மா

சகோதரி, எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் கேழ்வரகுப் பாலில்தான் தொடங்கினோம். இரண்டு மேசைக்கரண்டி கேழ்வரகைக் கழுவி இரவில் ஊறவைத்து, காலையில் மிக்சியில் சிறிது நீர் விட்டு அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினால் பால் போல இறங்கும். அதை அடி கனத்த பாத்திரத்தில் கைவிடாமல் கிளறினால் சில நிமிடங்களில் நிறம் மாறிப் பளபளவென்று திரண்டு வரும். அதுதான் பதம். அத்தை அடுப்பருகே நிற்கும் நேரம் தேநீர் போடும் நேரத்தை விட அதிகமாகாது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. வேறெந்தத் தானியமும் அதன் பக்கத்தில் வராது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, தோலுரித்து, மெலிதாக நறுக்கி, வெயிலில் காயவைத்துப் பொடித்துக் கஞ்சி காய்ச்சுவதும் வழக்கம். மட்டிப் பழத்தை மசித்துக் கொடுப்பதும் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே கன்னியாகுமரி மட்டிதான். ஈரோட்டில் அது கிடைக்காவிட்டால் நன்றாகக் கனிந்த எந்த வாழைப்பழமும் போதும்.

அத்தையின் பட்டியலை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் அது இப்போதைக்கு வேண்டாம். இருபது பொருள்களை ஒன்றாகக் கலந்து கொடுத்துவிட்டு மறுநாள் குழந்தையின் கன்னத்தில் தடிப்பு வந்தால், எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் கேழ்வரகு மட்டும், மூன்று நாள் கழித்து அரிசியும் பாசிப்பருப்பும், பிறகு மற்றவை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பழக்கிவிட்டு, அத்தையின் சத்துமாவை எட்டாம் மாதத்தில் அரைத்துக்கொள்ளலாம். "உங்கள் மாவுக்குத்தான் அவனைத் தயார்ப்படுத்துகிறோம்" என்று அவரிடமே சொல்லுங்கள், உண்மையும் அதுதானே.

பதில்: கோவை அப்பா

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன், ஒன்றரை வயது மகளின் தந்தை. டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் மூன்று நான்கு பெயர்களுக்குள் சர்க்கரை வந்துவிட்டால் அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடலாம். சுக்ரோஸ் என்று எழுதியிருந்தாலும் அது சர்க்கரைதான். ஸ்விட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பு 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் விற்கப்படும் செரலாக் வகைகளில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதாகவும், ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அப்படிச் சேர்க்கப்படுவதில்லை என்றும் சொல்லப்பட்டது. அதன்பின் சர்க்கரை சேர்க்காத வகைகளும் சந்தைக்கு வந்திருப்பதால், பெயரைப் பார்த்து வாங்காமல் பின்பக்கத்தைப் படித்து வாங்குவதே சரி.

டப்பாவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. அதில் இரும்புச் சத்து தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டுக் கஞ்சியில் அது குறைவு. பிறக்கும்போது குழந்தையின் உடலில் இருந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாத வாக்கில் தீர்ந்துவரும் என்பதால் இது சிறிய விஷயமன்று. பயணத்தின்போது கைக்கு உதவும் என்பதற்காக எங்கள் வீட்டிலும் சர்க்கரை சேர்க்காத டப்பா ஒன்று இருக்கிறது, அன்றாடத்துக்கு எடுப்பதில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது இன்ஸ்டாகிராம் மாவுதான். குழந்தை உணவு விற்பனையை ஒழுங்குபடுத்த 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட சட்டம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரப்படுத்தவே கூடாது என்கிறது. பொட்டலத்தில் குழந்தை படமோ பெண்ணின் படமோ இருக்கக் கூடாது என்கிறது. பெரிய நிறுவனத்தின் டப்பாவில் குழந்தை முகம் இல்லாததற்கு அதுவே காரணம். வீட்டிலிருந்து விற்பவர்களோ கொழுகொழுவென்ற குழந்தையின் படத்தைப் போட்டு, "ஆறே வாரத்தில் எடை கூடும்" என்று எழுதுகிறார்கள். சிறு தொழில் செய்யும் பெண்களைக் குறைசொல்வதாக நினைக்க வேண்டாம், என் அக்காவும் ஊறுகாய் விற்பவர்தான். ஆனால் பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க உரிம எண்ணும் அரைத்த தேதியும் இல்லாத மாவை ஆறு மாதக் குழந்தைக்கு வாங்காதீர்கள். முந்திரியும் நிலக்கடலையும் கலந்த மாவு வெளியில் கிடந்தால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். நிலக்கடலை ஈரம் பட்டிருந்தால் பூஞ்சை நஞ்சும் சேரும். சர்க்கரை இல்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பனங்கற்கண்டோ நாட்டுச் சர்க்கரையோ கலப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர், தஞ்சை மாவட்டம்

அன்பு மகளுக்கு, எந்த மாவு என்பதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் குழந்தைகளை எடை போட்ட அனுபவத்தில் நான் சொல்வது வேறு. எடை ஏறாத பிள்ளைகளின் வீட்டுக்குச் சென்று பார்த்தால், மாவு நல்ல மாவாகவே இருக்கும், கஞ்சிதான் தண்ணீராக இருக்கும். குழந்தைக்குச் செரிக்காது என்ற பயத்தில் பாட்டிமார்கள் அதை மேலும் மேலும் நீர்க்க வைத்துவிடுவார்கள். குழந்தையின் இரைப்பை சிறியது. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் எங்கே? கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கஞ்சி உடனே வழிந்து ஓடக் கூடாது, கரண்டியிலேயே தங்கி மெல்ல நழுவ வேண்டும். பால் புட்டியின் துளைவழியே இறங்குகிற கஞ்சி கஞ்சியே அன்று. முளைகட்டிய கேழ்வரகு மாவில் செய்தால், அதே அளவு தண்ணீருக்குக் கூடுதலாக மாவு போட்டாலும் கட்டியாகாமல் இளகி நிற்கும். முளைகட்டுவதன் உண்மையான பயன் அதுதான். காய்ச்சி இறக்கியதும் ஒரு சொட்டு நெய் விடச் சொல்லுங்கள்.

கேழ்வரகுப் பால் முதல் இரண்டு வாரங்களுக்கு நல்லது. ஆனால் வடிகட்டும்போது சத்தில் ஒரு பகுதி சக்கையோடு போய்விடும் என்பதால், பழகியதும் சலித்த மாவுக்கு மாறிவிடுங்கள். இரும்புச் சத்துக்கு டப்பாதான் வழி என்றில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச் சத்து மருந்து கொடுப்பது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கும். தடுப்பூசிக்குச் செல்லும்போது செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் அசைவம் உண்டென்றால் நன்றாக வெந்த முட்டையை மசித்துக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

உங்கள் தெரு அங்கன்வாடியில் பெயரைப் பதிவு செய்தால் இணை உணவு மாவு இலவசமாகக் கிடைக்கும். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்ந்தது. அதை வாங்கி மாட்டுக்குக் கலக்கும் வீடுகளையும் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். வெல்லமும் இனிப்புதான் என்று கோவைத் தம்பி சொல்லக்கூடும், அதை மறுக்கமாட்டேன். ஒரு வேளை அந்த மாவு, மற்ற வேளைகளில் பருப்புச் சாதமும் காய் மசியலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும்; தாய்ப்பால் தொடர வேண்டும். ஒரு வயது வரை கஞ்சியில் உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். தேனை நாவில் தடவவே கூடாது, அதிலிருக்கக்கூடிய கிருமி இந்த வயதில் உயிருக்கே ஆபத்தாகும். மாமியாரிடம் இதை நீங்கள் சொல்வதை விடச் செவிலியர் வாயால் சொல்லவைப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்: ஈரோட்டு வாசகி

அனைவருக்கும் நன்றி. கேழ்வரகுப் பாலில் தொடங்கி, பழகியதும் முளைகட்டிய மாவுக்கு மாறுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கரண்டிப் பதத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன். தன் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கொடுத்ததாகச் சொல்லிவிட்டார். இன்ஸ்டாகிராம் மாவு வேண்டாம் என்பதை நாத்தனாரிடம் என் கணவர் சொல்லிக்கொள்வார். முளைகட்டுவதையும் அரைப்பதையும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்துவிடலாமா? எங்கள் பகுதி மில்லில் மிளகாய்த்தூளும் சீயக்காயும் அரைப்பதால் தயக்கமாக இருக்கிறது.

பதில்: நாஞ்சில் அம்மா

தாராளமாகச் செய்யலாம். சனிக்கிழமை காலையில் ஊறவைத்து, இரவில் நீரை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஈரோட்டு வெக்கைக்கு ஞாயிறு மாலைக்குள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அரிசி நீளத்துக்கு மேல் வளரவிடாதீர்கள், கசந்துவிடும். மின்விசிறிக்கு அடியில் நன்றாக உலர்த்தி, வாசம் வரும்வரை மட்டும் இளஞ்சூட்டில் வறுத்துக்கொள்ளுங்கள். அரைப்பது அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனாலும் தவறில்லை.

அரைக் கிலோவுக்கு மில் தேவையே இல்லை. மிக்சியின் சின்ன ஜாரில் இரண்டு மூன்று முறையாக அரைத்து, மைதா சல்லடையில் சலித்துவிடலாம். பின்னால் அத்தையின் சத்துமாவுக்கு மில்லுக்குப் போக நேர்ந்தால், கடை திறந்ததும் முதல் ஆளாகப் போகாதீர்கள். முந்தைய நாள் கடைசியாக என்ன அரைத்தார்களோ அதன் மிச்சம் கல்லில் இருக்கும். யாராவது கோதுமையோ பச்சரிசியோ அரைத்து முடித்த பிறகு கொடுங்கள். உங்கள் மாவிலும் முதலில் விழும் இரண்டு கைப்பிடியைத் தனியாகப் பிடித்து வீட்டுத் தோசை மாவில் கலந்துகொள்ளுங்கள். மாவு சூடாகத்தான் விழும்; செய்தித்தாளில் கொட்டாமல் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்த பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.